300 கணினிகளில் புதிய பாதுகாப்பு மென்பொருள்: ஒரே இரவில் ஏற்றிவிடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அலுவலகத்தில் சுமார் 300 கணினிகள். பெரும்பாலும் விண்டோஸ், கொஞ்சம் மேக், பத்துப் பன்னிரண்டு லினக்ஸ் சர்வர்கள். பழைய ஆன்டிவைரஸின் சந்தா முடியப்போகிறது. அதற்குப் பதிலாக ஒரு ஈடிஆர், அதாவது கணினியில் நடப்பதைத் தொடர்ந்து கவனித்துத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு மென்பொருள், வாங்கியாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை இரவில் குரூப் பாலிசி (விண்டோஸ் கணினிகளை மையத்திலிருந்து அமைக்கும் வசதி) வழியாக எல்லாக் கணினியிலும் ஏற்றி, எல்லா வசதிகளையும் பிளாக் நிலையில், அதாவது சந்தேகமானதை உடனே தடுக்கும் நிலையில் வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஏற்றும் முறை உங்களுக்குப் பெரிய சிக்கலாக இருக்காது. விற்றவர்களின் வழிகாட்டியில் அது இரண்டு பக்கம்தான். திங்கட்கிழமை காலை யார் வேலையும் நின்றுவிடக் கூடாது, ஆறு மாதம் கழித்து ஒரு தாக்குதல் வந்தால் இந்த மென்பொருள் அங்கே விழித்திருக்க வேண்டும். நீங்கள் கேட்பது இந்த இரண்டையும்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில்: வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவும் வேண்டாம், ஒரே மூச்சில் 300 கணினியும் வேண்டாம், முதல் நாளே பிளாக்கும் வேண்டாம். பதினேழு ஆண்டுகளாக அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இதே மாதிரி மாற்றத்தை நான்கு இடங்களில் முன்நின்று செய்திருக்கிறேன். நான் நேரில் பார்த்த தாக்குதல்களில், பாதுகாப்பு மென்பொருள் ஏமாந்துபோனது குறைவு; அது ஏற்றப்படாத கணினி வழியாக ஆள் உள்ளே வந்ததுதான் அதிகம். ஓர் இடத்தில் கன்சோலை, அதாவது எல்லாக் கணினியின் நிலையையும் காட்டும் நிர்வாகத் திரையை, திறந்தால் எல்லாமே பச்சை. ஆனால் தாக்கியவர்கள் நுழைந்தது கன்சோலில் பெயரே இல்லாத ஒரு பழைய சர்வர் வழியாக. யாரோ சோதனைக்காக வைத்தது. வைத்தவர் வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது. அந்த ஒரு சர்வரில் உட்கார்ந்துகொண்டு, மற்ற கணினிகளில் பகிர்ந்து வைத்திருந்த ஃபோல்டர்களை நெட்வொர்க் வழியாகவே, யாரும் திறக்க முடியாதபடி குறியாக்கம் செய்து பூட்டிவிட்டார்கள். கோப்புகள் இருந்த கணினியில் ஏஜென்ட், அதாவது கணினிக்குள் ஓடும் பாதுகாப்பு நிரல், இருந்தது. ஆனால் பூட்டும் நிரல் அங்கே ஓடவில்லையே. யாரோ ஒரு பயனர் வெளியிலிருந்து கோப்புகளைத் திருத்துகிறார் என்றுதான் அதற்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது மென்பொருளின் பெயரை அல்ல, அது இல்லாத கணினிகளின் பட்டியலை.

ஆகவே கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். 300 என்ற எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியா, கொள்முதல் பதிவேடா, பழைய ஆன்டிவைரஸின் கன்சோலா? மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். கூடவே நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரின் பட்டியலையும் எடுத்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒத்துப்போய் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. நிலையான முகவரி உள்ள சர்வர்கள் டிஎச்சிபி பட்டியலில் வராது. அவற்றைப் பிடிக்க ஒரு நெட்வொர்க் ஸ்கேன் வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் தெரியும் கடைசி உள்நுழைவு நேரம் இயல்பான அமைப்பில் 14 நாள் வரை பின்தங்கியிருக்கும், அதனால் ஒரு வாரமாகக் காணோம் என்று எந்தக் கணினியையும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். நீண்ட விடுப்பில் இருப்பவரின் லேப்டாப், கூட்ட அறையில் திரையோடு கட்டிப்போட்ட குட்டிக் கணினி, வருகைப்பதிவு இயந்திரத்தை இயக்கும் கணினி, அலமாரியில் உறங்கும் உபரி லேப்டாப் எல்லாம் இங்கேதான் வெளியே வரும். புதிய ஏஜென்ட் ஏறவே முடியாத அளவுக்குப் பழைய விண்டோஸ் ஓடும் கணினிகளும் வரும். அவற்றைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்குங்கள்; ஏன் விட்டுவைத்திருக்கிறோம் என்பதற்கு ஒரு வரிக் காரணமும், பொறுப்பாளர் பெயரும் எழுதி வையுங்கள். இந்த ஒப்பீட்டை ஏற்றும் வேலை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை செய்ய வேண்டும். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது பழைய ஆன்டிவைரஸ். ஒரே கணினியில் நிகழ்நேரத்தில் கோப்புகளைச் சோதிக்கும் இரண்டு மென்பொருள்கள் ஓடினால் ஒன்றின் வேலையை மற்றது சந்தேகப்படும். கணினி ஊர்ந்து போகும், சில நேரம் விண்டோஸ் செயலிழந்து நிற்கும் நீலத்திரைகூட வரும். பழையதை நீக்கவே ஒரு கடவுச்சொல் கேட்கும். அது யாரிடம் இருக்கிறது என்பதைச் சந்தா முடியும் முன்பே கண்டுபிடியுங்கள், முடிந்த பிறகு பழைய கன்சோலுக்குள்ளே நுழைய முடியாமல் போகலாம். பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10, 11 கணினிகளில் வேறொரு ஆன்டிவைரஸ் தன்னைப் பதிவு செய்துகொண்டால் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அது நீங்கினால் தானாகத் திரும்பி வரும். விண்டோஸ் சர்வரில் இப்படி நடக்காது. அங்கே டிஃபெண்டர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதை என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவெடுத்து அமைக்க வேண்டும். எப்போதோ ஒருவர் டிஃபெண்டரை அணைக்கப் போட்ட குரூப் பாலிசி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழையது போய்ப் புதியது வரும் இடைவெளியில் கணினி வெறுமையாக நிற்பதற்கு அது காரணமாகிவிடலாம்.

இப்போது ஏன் ஒரே இரவில் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். இந்த மென்பொருள்கள் இயங்குதளத்தின் ஆழத்தில், அதன் மையமான கெர்னலுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. அவை தவறினால் கணினியே எழாது. 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட 5958 எண் கொண்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3இல் உள்ள எஸ்விசிஹோஸ்ட் என்ற இன்றியமையாத கோப்பை வைரஸ் என்று தீர்மானித்தது. கணினிகள் நெட்வொர்க்கை இழந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. 2024 ஜூலை 19 அன்று ஈடிஆர் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு சிறிய கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. அந்தக் கோப்பு வெளியில் இருந்தது உலகப் பொது நேரமான யுடிசிப்படி 04:09 முதல் 05:27 வரை, வெறும் 78 நிமிடம். நிரல் 20 உள்ளீடுகளைக் கொடுக்கும் இடத்தில் 21ஆவதைத் தேடிப் போனதுதான் பிழை. இதில் உங்களைப் போன்ற நிர்வாகிகள் கவனிக்க வேண்டியது வேறு. ஏஜென்டின் பதிப்பை ஒன்றிரண்டு படி பின்தங்கியே வைத்துக்கொள்ளும் அமைப்பைப் பல நிறுவனங்கள் அப்போதே வைத்திருந்தன. அவையும் விழுந்தன, ஏனென்றால் அந்த அமைப்பு ஏஜென்டின் பதிப்பை மட்டுமே கட்டுப்படுத்தியது, தாக்குதல்களை அடையாளம் காண அடிக்கடி வரும் உள்ளடக்க அப்டேட்டை அல்ல. அந்த வகை அப்டேட்டையும் படிப்படியாக வாங்கிக்கொள்ளும் வசதி பிறகுதான் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. நீங்கள் வாங்கியது எதுவாக இருந்தாலும் விற்பனையாளரிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: பதிப்பைத் தள்ளிப்போட முடியுமா, உள்ளடக்கத்தைத் தள்ளிப்போட முடியுமா? பதில் எழுத்தில் வரட்டும். உள்ளடக்கத்தை நாள்கணக்கில் தாமதப்படுத்துவது புதிய தாக்குதலுக்குக் கதவைத் திறந்து வைப்பது போலாகிவிடும்; முக்கிய சர்வர்களுக்குச் சில மணி நேரம் தள்ளி வைப்பதே போதும் என்பது என் கருத்து.

படிகள் என்றால், முதலில் உங்கள் குழுவின் கணினிகள். அடுத்து ஒவ்வொரு துறையிலிருந்தும் இரண்டு மூன்று கணினிகள். பொறுமையான ஆட்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் சோதனை பொய்யாகிவிடும், எதற்கும் புகார் சொல்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவின் கணினி கட்டாயம் இருக்கட்டும். மாதக் கடைசியில் மட்டும் திறக்கப்படும் மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகள் அங்கேதான் இருக்கும். ஆகவே ஒரு மாதக் கடைசியாவது கடந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். இந்தக் காலம் முழுவதும் ஏற்கெனவே நன்கறிந்த வைரஸ்களுக்கு எதிரான தடுப்பை இயக்கத்தில் வைத்துவிடலாம், அதில் ஆபத்து குறைவு. நடத்தையைப் பார்த்துத் தடுக்கும் விதிகளை மட்டும் ஆடிட் நிலையில், அதாவது தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் வையுங்கள். 2023 ஜனவரி 13 அன்று டிஃபெண்டரின் ஒரு தவறான அப்டேட், ஆஃபீஸ் மேக்ரோ தொடர்பான ஒரு விதியை பிளாக்கில் வைத்திருந்த கணினிகளில் ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களை அழித்துவிட்டது. அதே விதியை ஆடிட்டில் வைத்திருந்தவர்களுக்கு அன்று லாக்கில் சில வரிகள் கூடியதோடு சரி. ஆனால் ஆடிட்டுக்கு ஒரு முடிவுத்தேதியை இன்றே குறித்துவிடுங்கள். தேதி இல்லாத ஆடிட் வருடக்கணக்கில் அப்படியே கிடப்பதை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் தாக்குதலின் ஒவ்வொரு படியையும் அந்த மென்பொருள் அழகாகப் பதிவு செய்திருந்தது, எதையும் நிறுத்தவில்லை.

விலக்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேலையின் பாதிச் சண்டை அதில்தான் நடக்கும். ஒரு மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்றதும் அதை எழுதியவர்கள் "எங்கள் ஃபோல்டர் முழுவதையும் ஆன்டிவைரஸிலிருந்து விலக்குங்கள்" என்று ஒரு பட்டியலை அனுப்புவார்கள். அப்படியே ஏற்காதீர்கள். 2021 ஜூலை 2 அன்று கசேயாவின் தொலைநிர்வாக மென்பொருள் வழியாக ஆர்ஈவில் கும்பல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பியபோது, நச்சுக் கோப்பு வந்து இறங்கியது அந்த மென்பொருளின் வேலை ஃபோல்டரில். அந்த ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கச் சொல்லி கசேயாவின் வழிகாட்டியே கேட்டிருந்தது. பூட்டும் நிரலை ஓட வைக்க அந்தக் கும்பல் பயன்படுத்தியது டிஃபெண்டரின் ஒரு பழைய, முறையான நிரலையே. மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வருக்குத் தான் நெடுநாள் பரிந்துரைத்த சில விலக்குகளை 2023 பிப்ரவரியில் எடுத்துவிடச் சொன்னது, அந்த இடங்களில், தாக்கியவர் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் வெப்ஷெல்கள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதால். டேட்டாபேஸ் கோப்புகளுக்கும் மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகளுக்கும் விலக்கு தேவைப்படுவது உண்மை, அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் விலக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. ஃபோல்டர் முழுவதையும் விலக்குவதைவிட இந்தக் குறிப்பிட்ட நிரல் இந்தக் குறிப்பிட்ட வகைக் கோப்பைத் தொடும்போது மட்டும் என்று எழுத முடியுமா என்று பாருங்கள். சாதாரணப் பயனர் எழுதக்கூடிய எந்த இடத்தையும், டெம்ப் ஃபோல்டரையும் டவுன்லோட்ஸையும், யார் கேட்டாலும் விலக்காதீர்கள். ஒவ்வொரு விலக்குக்கும் யார் கேட்டார், ஏன், எப்போது மறுபரிசீலனை என்று மூன்று விவரம் இருக்கட்டும். டெவலப்பர்களிடம் மட்டும் கொஞ்சம் பரிவாக இருங்கள். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை உருவாக்கி அழிக்கும் அவர்கள் வேலை நிஜமாகவே மெதுவாகும். அவர்களோடு உட்கார்ந்து அளந்து பார்த்து முடிவெடுத்தால், ஏஜென்டை ரகசியமாக நிறுத்த வழி தேட மாட்டார்கள்.

மேக் கணினிகளில் வரிசை மாறினால் அவதிதான். 2019இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான கேட்டலினாவிலிருந்து இந்த ஏஜென்ட்கள் சிஸ்டம் எக்ஸ்டென்ஷனாக ஓடுகின்றன; அதற்கு அனுமதி வேண்டும், முழு வட்டையும் படிக்கத் தனி அனுமதி வேண்டும், நெட்வொர்க் வடிகட்டிக்கு இன்னொன்று. இந்த அனுமதிகளை, கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் வழியாக முதலில் அனுப்பி, அவை போய்ச் சேர்ந்ததை உறுதி செய்த பிறகு ஏஜென்டை அனுப்புங்கள். தலைகீழாகச் செய்தால் பயனர் திரையில் புரியாத கேள்விகள் வரும், அவர் மறுத்துவிடுவார். முழு வட்டு அனுமதி இல்லாத ஏஜென்ட் ஓடிக்கொண்டே பாதிக் கண்ணை மூடியிருக்கும். லினக்ஸில் நீங்கள் என்ன ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் பொதுவாக ஒன்று மட்டும்: உங்கள் கெர்னல் பதிப்பை அந்த ஏஜென்ட் ஆதரிக்கிறதா என்பதை முதல் நாள் மட்டுமல்ல, ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கு முன்பும் பார்க்க வேண்டும். ஆதரவு இல்லாத கெர்னலில் ஏஜென்ட் பல நேரம் பாதுகாப்பைக் குறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். புதுக் கணினிகளை, எல்லாம் ஏற்றித் தயாராக வைத்த ஒரு மாதிரி இமேஜிலிருந்து நகலெடுக்கிறீர்கள் என்றால், ஏஜென்டின் அடையாள எண்ணை நீக்காமல் இமேஜ் எடுத்துவிடாதீர்கள். ஐம்பது கணினிகள் கன்சோலில் ஒரே கணினியாகத் தெரியும். இணையத்துக்குப் போகும் வழியில் ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வர் இருந்தால், ஏஜென்ட் சிஸ்டம் கணக்கில் ஓடுவதால் பயனருக்கு அமைத்த ப்ராக்ஸி அதற்குத் தெரியாது என்பதையும், குறியாக்கம் செய்த டிஎல்எஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் சாதனத்தில் ஈடிஆர் நிறுவனத்தின் முகவரிகளைப் பிரிக்காமல் விட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏறியாயிற்று, வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? எய்க்கார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இருக்கிறது. தீங்கற்றது, எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலப் பிடிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. ஒவ்வொரு துறையிலும் ஒரு கணினியில் அதை வைத்து, அலர்ட் கன்சோலுக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதைத்தான் அது காட்டும். நடத்தையைப் பார்த்துப் பிடிக்கும் பகுதி உருப்படியா என்பதை அது சொல்லாது. அதற்கு, தாக்குதல் உத்திகளைப் போலச் செய்துகாட்டும் அட்டாமிக் ரெட் டீம் போன்ற திறந்தமூலச் சோதனைகளைத் தனிக் கணினியில், மேலிடத்தின் அனுமதியோடு ஓட்டிப் பார்க்கலாம். ஒரு கணினியை நெட்வொர்க்கிலிருந்து தனிமைப்படுத்தும் பொத்தானையும் முன்கூட்டியே ஒருமுறை அழுத்தி, திரும்ப விடுவித்துப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு முதன்முறையாக அதை அழுத்தும் நிலை வரக் கூடாது. எந்தச் சர்வரைத் தனிமைப்படுத்த யார் சம்மதம் வேண்டும் என்பதும் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும்.

கன்சோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதற்குள் நுழைந்தவர் 300 கணினிகளிலும் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடியும். நெட்வொர்க் முழுவதையும் ஆளும் டொமைன் நிர்வாகி கணக்குக்குக் கொடுக்கும் அதே மரியாதையை அதற்கும் கொடுங்கள்: ஆளுக்கொரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, வேலையை விட்டவரின் கணக்கு அன்றே மூடல். ஏஜென்டை யாரும் நீக்க முடியாதபடி காக்கும் அமைப்பு சில மென்பொருள்களில் இயல்பாக அணைந்திருக்கும், போட்டுவிடுங்கள். விண்டோஸ் வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவிகளின் ஒரு பிரதி ஆக்டிவ் டைரக்டரிக்கு வெளியே, பூட்டிய இடத்தில் இருக்கட்டும். 2024 கிரவுட்ஸ்டிரைக் கோளாறின்போது கணினிகளை சேஃப் மோடில் எழுப்பி அந்தக் கோப்பை அழிக்கச் சாவி கேட்டபோது, சாவி இருந்த சர்வரும் விழுந்து கிடந்ததால் தவித்தவர்கள் பலர்.

எதில் உறுதியாக இருக்கிறேன், எது இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பு, படிப்படியாக ஏற்றுதல், குறுகிய விலக்கு, கன்சோலின் பூட்டு ஆகிய நான்கும் எந்த மென்பொருளுக்கும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். எவ்வளவு மெதுவாகும், ஆடிட் எத்தனை வாரம், எந்த விதியை எப்போது பிளாக்குக்கு மாற்றுவது என்பவை உங்கள் கணினிகளும் உங்கள் ஆட்களும் சொல்ல வேண்டியவை. நான் எண் கொடுத்தால் அது என் பழைய அலுவலகத்தின் எண். இந்த மென்பொருளுக்கும் எல்லை உண்டு. கடவுச்சொல்லை ஏமாற்றி வாங்கிய ஒருவர் தன் சொந்தக் கணினியிலிருந்து உங்கள் கிளவுட் மின்னஞ்சலுக்குள் போனால் ஏஜென்டுக்கு அது தெரியவே வராது. ஓட்டையுள்ள பழைய டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்றைக் கொண்டுவந்து ஏஜென்டையே நிறுத்தும் கும்பல்கள் இருக்கின்றன. அத்தகைய டிரைவர்களைத் தடுக்கும் பட்டியல் விண்டோஸ் 11இன் 2022 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது, பழைய கணினிகளில் நீங்கள்தான் போட வேண்டும்; அப்போதும் எல்லா டிரைவரும் அதில் இருக்காது. ஆகவே ஒரு கணினியின் ஏஜென்ட் திடீரென்று மௌனமானால் அதையே ஓர் அலர்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அலர்ட்டை யார் பார்ப்பது என்ற கேள்வியை மேலிடத்திடம் இந்த வாரமே வையுங்கள். தாக்குதல்காரர்கள் விடுமுறை இரவைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். உங்கள் குழுவில் இரண்டே பேர் என்றால் இரவும் பகலும் பார்க்க முடியாது. விற்பனையாளரோ வேறொருவரோ நடத்தும் கண்காணிப்புச் சேவையை வாங்குங்கள். பணமில்லை என்று மேலிடம் சொன்னால், அந்த நேரங்களில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதை அவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஊழியர்களுக்கும் ஏற்றும் முன் ஒரு கடிதம் போகட்டும்: இந்த ஏஜென்ட் ஓடும் நிரல்களையும் கட்டளைகளையும் இணைய இணைப்புகளையும் பதிவு செய்யும், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று தெளிவாக. உங்கள் நாட்டுச் சட்டம் இதில் என்ன கேட்கிறது என்பதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

சந்தா முடிய இன்னும் சில வாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் பழையதை ஒரு மாதம் நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள், பல நிறுவனங்கள் சம்மதிக்கும். முதல் கணினியாக உங்களுடையதையே எடுத்துக்கொண்டு, வாரத்தின் நடுவில், எல்லோரும் அலுவலகத்தில் இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்குங்கள். நான்கு பட்டியல்களையும் ஒப்பிட்டதில் எத்தனை கணினிகள் கூடுதலாக வந்தன என்று இங்கே வந்து சொல்லுங்கள். எதில் ஏஜென்ட் ஏற மறுக்கிறது என்று தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கலாம்.